கியர்பாக்ஸை இறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் ஒன்றரை லிட்டர் டீசல் கார் வைத்திருக்கிறார். பதினான்கு லட்சம் ரூபாய்க்கு வாங்கி 20 மாதங்கள் ஆகின்றன, 28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரண்டி மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு கோத்தகிரி போய்வருகிறார். மூன்று மாதங்களாக முதல் கியரில் கிளம்பும்போது வண்டி குலுங்குகிறது. எஞ்சினை அணைக்கும் நொடியில் கடகடவென்று ஒரு சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது என்பதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கிளட்ச் செட்டும் ஃப்ளைவீலும் மாற்ற வேண்டும், 72,000 ரூபாய் ஆகும், ஓட்டிய விதத்தால் வந்த தேய்மானம் என்பதால் வாரண்டியில் வராது என்று சர்வீஸ் மையத்தில் சொல்லிவிட்டார்களாம். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்குப் போட வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் ஒன்று இருக்கிறது. கியர்பாக்ஸை இன்னும் இறக்கவே இல்லை என்கிறீர்கள். கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், பெல் ஹவுசிங் என்ற உறைக்குள் மூடிக்கிடக்கும் பாகங்கள். அவற்றைக் கண்ணால் பார்க்காமல் ஓட்டியவர்தான் காரணம் என்று ஒருவர் சொன்னால், அது சோதனை முடிவு அல்ல, ஊகம். அந்த ஊகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் 72,000 ரூபாயை ஊகத்துக்குக் கொடுக்கக் கூடாது.

கிளட்ச், கியர்பாக்ஸ் வேலையில் எனக்கு 22 வருட அனுபவம். அதில் முதல் ஒன்பது வருடங்கள் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் இருந்தேன். வாரண்டி மறுப்பு எப்படி எழுதப்படுகிறது என்பதை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். பிரேக் ஷூ போல, டயர் போல. அதைத் தேய்மானப் பொருள் என்று வாரண்டிப் புத்தகம் ஒதுக்குவதில் தவறில்லை. ஃப்ளைவீல் அப்படி அல்ல. பழைய வண்டிகளில் அது ஒரே துண்டான இரும்பு வட்டு, வண்டியின் ஆயுள் முழுவதும் கிடக்கும். இப்போதைய டீசல் கார்கள் பலவற்றில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல், அதாவது இரண்டு வட்டுகளால் ஆன ஃப்ளைவீல். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985-இல் இதை வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஒரு வட்டு எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இன்னொரு வட்டின் முகத்தில்தான் கிளட்ச் பிளேட் ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவே, கிரீஸ் நிரம்பிய வளைந்த பள்ளத்தில், நீண்ட வில் சுருள்கள். எஞ்சின் கொடுக்கும் அடியை அந்தச் சுருள்கள் வாங்கிக்கொண்டு, கியர்பாக்ஸுக்கு மென்மையான சுழற்சியாக அனுப்பும்.

டீசலில் இது ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் பிரச்சினை பாதி விளங்கிவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிப்பு நடக்கிறது. 1,200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓடினால் நொடிக்கு 40 அடிகள். பெட்ரோலைவிட டீசலில் அழுத்த விகிதம் மிக அதிகம் என்பதால் ஒவ்வோர் அடியும் சம்மட்டி அடி. அதோடு, உங்களுடையதைப் போன்ற ஒன்றரை லிட்டர் டர்போ டீசல் 250 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க், அதாவது சுழற்றும் விசை தருவது சகஜம், அதையும் 1,500 ஆர்பிஎம் சுமாரிலேயே தந்துவிடும். அதே அளவுள்ள சாதாரண பெட்ரோல் எஞ்சின் 140, 145 தருவதற்கே 4,000-ஐத் தாண்ட வேண்டும். குறைந்த சுழற்சி, கனத்த அடி: இந்தச் சேர்க்கையைத்தான் அந்த வில் சுருள்கள் நாள் முழுவதும் தாங்குகின்றன.

என் பட்டறைக்கு வந்த வண்டிகளை வைத்துச் சொன்னால், ஒழுங்காக ஓடிய டீசல் காரில் இந்த ஃப்ளைவீல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். கிளட்ச் பிளேட் நகரத்தில் எண்பதாயிரம் வரும், நெடுஞ்சாலை வண்டியில் அதற்கும் மேலே. 28,000-இல் இரண்டும் சேர்ந்து போனால் ஏதோ ஒன்று அவற்றைக் கொன்றிருக்கிறது என்று அர்த்தம். எது கொன்றது என்பது அந்தப் பாகங்களின் மேலேயே எழுதியிருக்கும்.

அதனால்தான் தலைப்பில் சொன்னேன், இறக்கும்போது பக்கத்தில் இருங்கள் என்று. என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

கியர்பாக்ஸ் இறங்கியதும் முதலில் பெல் ஹவுசிங்கின் உட்புறத்தைப் பாருங்கள். உலர்ந்த கறுப்புத் தூசி மட்டும் படிந்திருந்தால் அது கிளட்ச் பிளேட்டின் தூள். விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டி, சுற்றுச்சுவரில் வட்டமாகக் கோலம் தெறித்ததுபோல் இருந்தால் அது ஃப்ளைவீலுக்குள் இருந்த கிரீஸ் வெளியே வந்தது. இழை இழையாக ஒழுகிய ஈரமாக இருந்தால் எண்ணெய். கிராங்க் ஷாஃப்ட் பின்புற சீலிலிருந்தோ கியர்பாக்ஸ் முன்புற சீலிலிருந்தோ கசிந்திருக்கிறது. மூன்றுக்கும் வாசனையே வேறு. கியர் ஆயிலின் கந்தக நெடியை ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. சீல் கசிந்து கிளட்ச் கெட்டிருந்தால் அது உங்கள் கால் செய்த வேலை அல்ல. சீலும் அது கெடுத்த கிளட்சும் இரண்டுமே வாரண்டியில் வர வேண்டியவை, அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது கிளட்ச் பிளேட்டின் தடிமன். வெர்னியர் அளவுகோல் எல்லாப் பட்டறையிலும் இருக்கும். புது பிளேட்டின் தடிமனும் கழிக்க வேண்டிய குறைந்தபட்சத் தடிமனும் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். உராயும் பட்டையின் மேல்மட்டத்திலிருந்து ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றும் அளக்கச் சொல்லுங்கள். உங்கள் வழக்கின் உயிர்நாடி இந்த ஓர் எண்தான். பிளேட்டில் பாதிக்கு மேல் சதை மீதம் இருக்கிறது, ஆனாலும் ஃப்ளைவீல் ஆடுகிறது என்றால், கிளட்சைத் தேய்த்தே ஃப்ளைவீலைக் கெடுத்துவிட்டீர்கள் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

மூன்றாவது, ஃப்ளைவீலின் முகம். அரை கிளட்சில், அதாவது மிதியைப் பாதி அழுத்தியபடியே நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அந்த முகம் கொதித்துப்போகும். கொதித்த இரும்பில் மயில்கழுத்து நீலத்தில் திட்டுத்திட்டாக நிறம் ஏறும், வறண்ட குளத்துமண் போல மெல்லிய வெடிப்புகள் ஓடும். அந்த அடையாளம் முகம் முழுக்க இருந்தால் சர்வீஸ் மையம் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் சூடு உள்ளே இறங்கி கிரீஸை இளக்கி, ஃப்ளைவீலையும் கெடுத்திருக்கக்கூடும். ஆனால் அப்போதும் ஒரு கேள்வி பாக்கி: கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொண்டிருந்ததா? மிதியை விட்ட பிறகும், மிதியின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஹைட்ராலிக் சிலிண்டர் முழுதாகத் திரும்பாமல் சிக்கினால், நீங்கள் காலை எடுத்த பின்னும் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் அதைப் பாதி அமுக்கிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் மிதியில் காலை வைத்தே ஓட்டினால் எந்தத் தடயம் வருமோ அதே தடயம்தான் இதிலும் வரும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள விரல் போன்ற தகடுகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, சிலிண்டர் தடையில்லாமல் வந்துபோகிறதா என்று பார்க்காமல் பழியை ஓட்டுநர் தலையில் கட்டுவது அவசர வேலை.

கடைசியாக ஃப்ளைவீலின் ஆட்டம். கிராங்க் ஷாஃப்ட் அசையாமல் பூட்டிவிட்டு, கிளட்ச் பக்கமுள்ள வெளிவட்டைக் கையால் இடமும் வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும். சுருள் தடுக்கும் இடம் வரை கொஞ்சம் விளையாட்டு இருப்பது இயல்பு. எத்தனை பாகை வரை அனுமதி, முன்பின்னாக எத்தனை மில்லிமீட்டர் சாயலாம் என்பதற்கு ஒவ்வொரு மாடலுக்கும் தனி அளவு உண்டு. அளந்தது எவ்வளவு, அனுமதி எவ்வளவு என்று இரண்டு எண்களும் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் மையம் எழுதும் வேலைச் சீட்டில் ஏற வேண்டும். ‘ஃப்ளைவீல் பழுது’ என்று இரண்டு சொல்லோடு விட்டால் அது உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். டீசல் கார், 31,000 கிலோமீட்டர். வேறொரு இடத்தில், ‘பெண்கள் ஓட்டினால் கிளட்ச் இப்படித்தான் போகும்’ என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் இறக்கிப் பார்த்தபோது பிளேட் ஏறக்குறையப் புதிது போல இருந்தது, ரிவெட்டுக்கு மேல் தாராளமாகச் சதை. ஃப்ளைவீல் முகத்தில் ஒரு நீலத் திட்டுகூட இல்லை. ஆனால் வெளிவட்டைத் திருப்பினால் தடையே இல்லாமல் சுற்றிப்போய் ‘டக்’ என்று இரும்பில் இடித்து நின்றது. உள்ளே ஒரு சுருள் உடைந்திருந்தது. எதையும் கழற்றாமல் அப்படியே படம் எடுத்து, வீடியோ எடுத்து, அவரிடம் கொடுத்து, மேற்கொண்டு கை வைக்க மாட்டேன் என்று சொல்லி, கியர்பாக்ஸை மறுபடி ஏற்றி அனுப்பினேன். ஆறு வாரம் போராடினார். உற்பத்தி நிறுவனத்தின் ஆள் நேரில் வந்து பார்த்த பிறகு ஃப்ளைவீலும் கிளட்ச் செட்டும் முழுதாக வாரண்டியில் மாறின. அவர் மேல் சொல்லப்பட்ட அந்தச் சொல்லுக்கு மட்டும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

உங்கள் காருக்கு வருகிறேன். காலையில் எஞ்சின் இழுத்து இழுத்துப் பிடிக்கிறது என்று எழுதினீர்களே, அதை நான் சாதாரணமாக விட மாட்டேன். ஊஞ்சலுக்கு ஒரு சொந்தத் தாளம் இருப்பதுபோல இந்த வில் சுருள்களுக்கும் ஓர் அதிர்வு வேகம் உண்டு. அதை ஐட்லிங் வேகத்துக்கும் கீழே இருக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள், ஓட்டத்தில் அந்த வேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் எஞ்சின் அந்த வேகத்தைக் கடந்தே ஆக வேண்டும். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நல்ல நிலையில் இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும். பேட்டரி சோர்ந்துபோய் எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், சரியாக அந்தத் தாளத்திலேயே ஊஞ்சலைத் தள்ளித் தள்ளி ஆட்டுவதுபோல் ஆகிவிடும். இரு வட்டுகளும் எல்லை வரை போய் இடித்துக்கொள்ளும். அணைக்கும் நொடியில் நீங்கள் கேட்கும் கடகட சத்தம் அதே இடிப்புதான்.

ஆகவே பேட்டரியைச் சுமை கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, முடிவை அச்சிட்டு வாங்குங்கள். சிலிண்டர்களுக்கு டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நான்கும் சமமாக வேலை செய்கின்றனவா என்றும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். நான்கில் ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பலாக எரிந்தால் ஃப்ளைவீல் ஒவ்வொரு சுற்றிலும் கோணலாக அடி வாங்கும். இந்த இரண்டையும் கவனிக்காமல் ஃப்ளைவீலை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வழியில் போகும். காரணத்தைச் சரிசெய்யாத வாரண்டி வேலையும் அரைகுறை வேலைதான்.

உங்கள் பக்கத்தையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை சுமார் 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற்றம். மாதம் இரண்டு முறை என்றால் 20 மாதத்தில் நாற்பது தடவை ஏறியிருக்கிறீர்கள். ஏற்றத்தில் முறையாக ஓட்டினால் கிளட்சுக்கு அது ஒன்றுமே இல்லை, கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்வரை தேய்மானம் கிடையாது. கெடுப்பது இரண்டு பழக்கங்கள். கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்றால் பிரேக் போடாமல் அரை கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பது ஒன்று. மூன்றாம் கியரில் 1,100, 1,200 ஆர்பிஎம்முக்கு இறங்கிய பிறகும் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்துவது மற்றொன்று. முதலாவது கிளட்ச் பிளேட்டைத் தின்னும், இரண்டாவது ஃப்ளைவீலைத் தின்னும். மைலேஜுக்காக டாப் கியரில் ஊர்ந்து போகும் பழக்கம் நம் ஊரில் நிறைய பேருக்கு உண்டு, டீசலில் அது ஒரு லிட்டர் மிச்சம் பிடித்துத் தந்து ஒரு ஃப்ளைவீலைக் கேட்கும்.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். சிறிய டர்போ டீசல்களில் 1,500-க்குக் கீழே இழுவை குறைவு. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது டர்போ விழிக்கும்வரை கிளட்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டுத்தான் ஆக வேண்டும். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநரானாலும் இதுதான் நிலைமை. எஞ்சினையும் முதல் கியர் விகிதத்தையும் அப்படி அமைத்தது நீங்கள் அல்ல. மலைப்பாதையில் ஓட்டியது வழக்கமான பயன்பாடுதான், தவறான பயன்பாடு ஆகாது. விற்கும்போது யாரும் மலையேறக் கூடாது என்று சொல்லவில்லை.

இனி காகித வேலை. முதலில், குலுங்கலும் சத்தமும் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் தொடங்கின என்று எழுதி, சேஸிஸ் எண்ணோடு சர்வீஸ் மையத்துக்கும் உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். வாரண்டிக் காலத்துக்குள் புகார் பதிவாகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. முந்தைய சர்வீஸ்களில் வாயால் சொன்னது எதற்கும் உதவாது. ஜாப் கார்டில் ‘கிளட்ச் செக்’ என்று எழுதினால் அடித்துவிட்டு, நீங்கள் சொன்ன அறிகுறிகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இறக்கிப் பார்ப்பதற்கான கூலியை யார் தருவது என்பதை முன்பே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். குறை உற்பத்தியினுடையது என்று தெரிந்தால் கூலி அவர்களுடையது, தேய்மானம் என்று தெரிந்தால் உங்களுடையது. இது நியாயமான ஏற்பாடு, பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பார்த்த பிறகும் மறுத்தால், வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதியின்படி, எந்த அளவீட்டின் அடிப்படையில் மறுக்கிறோம் என்று கடிதமாகக் கேளுங்கள். அந்தக் கடிதம் கேட்ட மாத்திரத்தில் மனம் மாறிய மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளட்ச் பிளேட்டை விலக்கிய வரியைக் காட்டி ஃப்ளைவீலையும் விலக்குவார்கள். ஃப்ளைவீல் என்ற பெயர் அந்த விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால் அதன் பட்டியல் வேறு, அதையும் தனியாகப் பாருங்கள்.

பாதிச் செலவை ஏற்கிறோம் என்று ‘நல்லெண்ண’ உதவியாகச் சொல்லக்கூடும். பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், ஃப்ளைவீல் அவர்கள் செலவு, கிளட்ச் செட் உங்கள் செலவு என்று முடிப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் இதற்குமேல் கோரிக்கை இல்லை என்ற தாளில் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

வண்டி இல்லாமல் முடியாது, காசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டு, அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பணம் கொடுத்து மாற்றினால் பழைய பிளேட்டும் பழைய ஃப்ளைவீலும் உங்கள் சொத்து. இலவசமாக மாற்றினால் நிறுவனம் எடுத்துக்கொள்ளும், அப்போது படங்கள் போதும். கழற்றியதைத் துடைக்காமல், கழுவாமல், அந்தக் கிரீஸோடும் தூசியோடும் ஒரு சாக்கில் கட்டி வைத்துவிடுங்கள். சாட்சியைக் கழுவிவிட்டு வழக்குப் போட வந்தவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

வழக்கு என்று பயப்பட வேண்டாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள், பல பிரச்சினைகள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். உங்கள் காரைப் போலப் பத்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் இடைப்பட்ட விலைக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். பொருளில் குறை இருக்கிறதா என்பதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சாக்குமூட்டைக்கு மதிப்பு வருவது அப்போதுதான்.

இன்னும் ஒன்று. வெளியில் சிலர், டூயல் மாஸ் ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு ஒற்றை வட்டு போடலாம், பாதி விலைதான் என்பார்கள். இரண்டு வட்டுகளையும் வெல்டிங் வைத்து ஒன்றாக்கித் தருகிறேன் என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே வேண்டாம். சுருள்கள் வாங்கிய அடி முழுவதும் கியர்பாக்ஸுக்குப் போகும், மிச்சமிருக்கும் வாரண்டியும் அதோடு போய்விடும். புது ஃப்ளைவீல் ஏறும்போது அதன் போல்ட்டுகளும் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கியதில் இழுபட்டு நீண்டுவிட்ட போல்ட்டை மறுபடி போடுவது உயிரோடு விளையாடுவது.

வரும் திங்கட்கிழமை இறக்கப்போகிறார்கள் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். பிளேட்டின் தடிமன், ரிவெட் ஆழம், ஃப்ளைவீல் ஆட்டத்தின் பாகை ஆகிய மூன்று எண்களையும், பெல் ஹவுசிங்கின் உட்புறத்தையும் ஃப்ளைவீல் முகத்தையும் வெளிச்சம் படும்படி எடுத்த படங்களையும் அனுப்புங்கள். கிளட்ச் செட்டுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டுமா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாமா என்று அவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.